சுருளும் சொல்லும்

கொட்டிவாக்கத்தில் நம் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஒரு காலத்தில் கடல் தெரியும். திருவான்மியூருக்கும் பாலவாக்கத்துக்கும் இடையே சவுக்குத் தோப்பும் மணல்மேடும் மீனவர் குப்பமுமாகக் கிடந்த ஊர் இது. பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்றது. அடுக்கு மாடிகள் எழுந்தன. 2011ஆம் ஆண்டில் ஊராட்சி என்னும் பெயரும் நீங்கி, ஊர் சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிற்று. இன்று மாடியில் நின்றால் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. கடலின் ஓசை மட்டும், சாலையில் வண்டிகள் ஓய்ந்த பின்னிரவில் நம்மை வந்து எட்டுகிறது.

அவ்வோசையைக் கேட்கும் இரவுகளில் நமக்கு இருவர் நினைவு வருவதுண்டு. ஒருவர் உலகைச் சுற்றிப் படச்சுருள் தேடியவர். மற்றவர் இக்குப்பத்துக்கு அப்பால் எவரும் அறியாத மீனவர். முன்னவரை நாம் நேரில் கண்டதில்லை. பின்னவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இருவரையும் ஒருங்கே நினைக்க நேர்ந்தது எவ்வாறு என்பதை வாசக அன்பர்களிடம் சொல்லிவிட விழைகிறோம்.

1993ஆம் ஆண்டு. அப்போது நமக்கு வயது இருபத்து நான்கு. திரைப்படத்தின்மேல் தீராத மோகம். கதைப்படம் எடுக்கக் கையில் காசில்லை. ஆவணப்படம் எடுப்பதற்குக் காசு வேண்டாம், கண் போதும் என்று எண்ணிக்கொண்டோம். திருமண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர், முகூர்த்தம் இல்லாத மூன்று நாட்களுக்குத் தம் கேமராவை இரவல் தந்தார். புதிய ஒளிநாடா ஒன்றை வாங்கிக்கொண்டு விடியற்காலையில் குப்பத்துக் கரைக்குச் சென்றோம்.

அங்கே கட்டுமரம் கட்டுவதில் பேர்பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். கட்டுமரம் என்பது பெயருக்கேற்பக் கட்டப்படுவது. ஆணி இல்லை, மரத்தை மரத்தோடு கயிறுதான் பிணைக்கிறது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலரவிடுவார்கள். மறுநாள் கடலுக்குப் போகுமுன் மீண்டும் கட்டுவார்கள். ஒவ்வொரு நாளும் பிரிந்து ஒவ்வொரு நாளும் சேரும் அந்தக் கலத்தை அம்முதியவர் கட்டும் அழகை மூன்று காலைகள் படமாக்கினோம். கட்டிக்கொண்டே அவர் பேசினார். காற்றின் வகைகளைச் சொன்னார். வன்னி, தெண்டி என்று நீரோட்டங்களைப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோலப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். எந்த நீரில் எந்த மீன் வரும், எந்த நிறத்தில் வானம் இருந்தால் வீடு திரும்பிவிட வேண்டும் என்பதையெல்லாம் விளக்கினார். முக்கால் மணி நேரம் பதிவாயிற்று.

மூன்றாம் நாள் கேமராவை மூடும்போது அவர் கேட்டார்: “எனக்கு எப்போ காட்டப்போறே தம்பி?”

“பொங்கலுக்குள்ள காட்டிடறோம் தாத்தா” என்றோம்.

பொங்கலுக்கு முன்பே நம் சிற்றப்பா மகளின் திருமணம் வந்தது. அன்று மாலை வரவேற்பில் வீடியோ நண்பரிடம் நாடா தீர்ந்துவிட்டது. கடைகள் அடைத்துவிட்டன. நம் பையில் ஒரு நாடா இருந்தது. அது மூன்று மணி நேர நாடா. நம் பதிவு முன்பகுதியில் முக்கால் மணி நேரம் மட்டுமே. மீதியில் பதியலாம் என்று எடுத்துக் கொடுத்தோம். முன்பகுதியைக் கடத்திவிட்டுப் பதியுமாறு சொல்ல மறந்தோம். நண்பரின்மேல் குற்றமில்லை. நாடாவைக் கொடுத்த கை நம்முடையது. மறுவாரம் போட்டுப் பார்த்தபோது, கட்டுமரம் இருந்த இடத்தில் உறவினர் வரிசையாக மேடையேறி அன்பளிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய பிழையை அதன் பிறகு செய்தோம். உண்மையை அவரிடம் சொல்லவில்லை. கரையில் மீன் ஏலத்தின்போது இரண்டு முறை அவர் கேட்டார். “வேலை நடந்துகொண்டிருக்கிறது” என்றோம். மூன்றாம் முறை கேட்பதற்கு வாய்ப்புத் தராமல், மீன் வாங்கத் திருவான்மியூர்ச் சந்தைக்குப் போகத் தொடங்கினோம். 1997ஆம் ஆண்டில் அவர் காலமானார். இறுதிச் சடங்குக்குச் சென்று கூட்டத்தின் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினோம்.

ஆண்டுகள் பல கழிந்தன. ஒரு நாள் நூலகத்தில் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூல் கையில் அகப்பட்டது. எழுதியவர் ஏ. கே. செட்டியார். பதிப்பித்தவர் வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று பயண நூல்களால் பெயர்பெற்றவர் செட்டியார் என்பதை மட்டுமே அதுவரை அறிந்திருந்தோம். அவர் ஒரு திரைப்படத் தயாரிப்பாளர் என்பதும், அவர் தயாரித்த படம் எத்தகையது என்பதும் அந்த நூலைப் படித்த பின்னரே புலப்பட்டன.

கருப்பன் செட்டியார் 1911ஆம் ஆண்டில் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தவர். இளமையில் பர்மா சென்று ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தார். நிழற்படக் கலையைக் கற்க முதலில் டோக்கியோவுக்கும் பின்னர் நியூயார்க்குக்கும் சென்றார். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் இருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். காந்தியடிகளின் வாழ்வை உண்மைக் காட்சிகளைக் கொண்டே ஒரு முழுநீளப் படமாக ஆக்கவேண்டும் என்னும் எண்ணம் அக்கப்பலில்தான் அவருள் எழுந்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பவில்லை.

அக்காலத்தை நாம் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழ் பேசும்படம் பிறந்தது 1931ஆம் ஆண்டில். அடுத்த சில ஆண்டுகளில் திரையை நிறைத்தவை பெரும்பாலும் புராணக் கதைகளும், கதையைவிட அதிகமான பாடல்களும்தாம். கே. சுப்பிரமணியம் போன்ற சிலரே சமூகத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பினார்கள். அவருடைய ‘தியாக பூமி’ 1939ஆம் ஆண்டில் வெளிவந்து, பின்னர் ஆங்கில அரசின் தடைக்கு உள்ளாயிற்று. கதைப்படத்துக்கே இந்நிலை. அரசு சிறையில் அடைத்து அடைத்து விடுவித்த ஒருவரைப் பற்றி, நடிகர் இல்லாமல், கதாநாயகி இல்லாமல், செய்திப் படத் துண்டுகளைத் தொகுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் எடுப்பதை எவரும் தொழிலாகக் கருதமாட்டார்கள். காந்தியடிகளுக்கோ திரைப்படத்தில் ஆர்வமே கிடையாது.

படத்தயாரிப்பாளர் என்றதும் நம் மனத்தில் தோன்றும் உருவம் ஒன்றுண்டு. பணப்பெட்டியைத் திறப்பவர், நட்சத்திரங்களை அமர்த்துபவர், வெற்றி விழாவில் மாலை வாங்குபவர். செட்டியார் செய்த வேலை வேறு வகை. காந்தியடிகளை முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் பல நாடுகளில் படமெடுத்திருந்தார்கள். அச்சுருள்கள் செய்திப்பட நிறுவனங்களின் கிடங்குகளிலும் தனியார் வீடுகளிலும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிக் கேட்டுப் பெறுவதே அவரது தயாரிப்பு வேலையாயிற்று. காந்தியடிகள் 1893 முதல் 1914 வரை வாழ்ந்த தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார், ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்றார், இந்தியாவெங்கும் அலைந்தார். மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம். பூமியின் நடுக்கோட்டை நான்கு முறை சுற்றிய தூரம் அது. அதுவும் பெரும்பாலும் கப்பலிலும் இரயிலிலும். விடுபட்ட காட்சிகளைப் புதிதாகப் படமாக்க ஒளிப்பதிவாளர் பி. வி. பதி உடன் நின்றார்.

இவ்வாறு அவர் திரட்டியது 50,000 அடி. ஓரடிச் சுருளில் பதினாறு படங்கள் இருக்கும். பேசும்படம் வினாடிக்கு இருபத்து நான்கு படங்களாக ஓடும். கணக்கிட்டால் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி. 50,000 அடியை முழுவதும் பார்க்க ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிலிருந்து தேர்ந்து 12,000 அடியில், அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, படத்தை முடித்தார். பழைய ஊமைப்படச் சுருள்கள் இன்னும் மெதுவான வேகத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பேசும்படக் கருவியில் அப்படியே ஓட்டினால் மனிதர்கள் ஓட்டமும் நடையுமாகக் கேலிச் சித்திரம்போலத் தோன்றுவார்கள். ஒரு தேசம் பணிந்து நின்ற மனிதரைத் திரையில் காட்டுவதற்கு எத்துணைக் கவனம் வேண்டியிருந்திருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். படத்தில் டி. கே. பட்டம்மாளின் குரலும் ஒலித்தது.

1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23ஆம் நாள், சென்னை புரசைவாக்கம் ராக்ஸி அரங்கில் ‘மகாத்மா காந்தி’ தமிழில் வெளியாயிற்று. உலகப் போர் மூண்டு ஓராண்டு ஆகப்போகும் வேளை. காங்கிரஸ் அமைச்சரவை 1939இல் பதவி விலகிவிட்டது. அத்தகைய நாட்களில் அந்த இளைஞர் அப்படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். பின்னர் தெலுங்கு வடிவம் வந்தது. 1947ஆம் ஆண்டில், விடுதலை பிறந்த ஆகஸ்டு மாதத்தில், இந்தி வடிவம் புது தில்லியில் காட்டப்பட்டது. 1953ஆம் ஆண்டில் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் அமெரிக்காவில் வெளியாயிற்று.

இவ்வளவையும் படித்துவந்த நாம், அடுத்துத் தெரிந்துகொண்ட செய்தியில் திகைத்து நின்றுவிட்டோம். அந்தத் தமிழ்ப்படம் இன்று இல்லை. ஒரு லட்சம் மைல் அலைந்து தொகுத்த முழுமையான மூல வடிவம் கிடைக்கவில்லை. வேங்கடாசலபதி அவர்கள் நெடுநாள் தேடி, அமெரிக்காவில் எஞ்சியிருந்த ஆங்கில வடிவத்தையே கண்டெடுக்க முடிந்தது.

படச்சுருளின் இயல்பே அப்படி. 1950ஆம் ஆண்டையொட்டிய காலம் வரையில் திரைப்படங்கள் நைட்ரேட் சுருளில் பதிவாயின. அது எளிதில் தீப்பற்றும். தீக்குத் தப்பினாலும் காலத்துக்குத் தப்பாது. பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டு, கடைசியில் பழுப்புத் தூளாகும். அதன்பின் வந்த அசெட்டேட் சுருளோ வெப்பத்திலும் ஈரத்திலும் புளிக்காடி வாடை வீசிச் சுருங்கிப்போகும். காந்தப் பூச்சுள்ள ஒளிநாடாவில் நம் கடற்காற்று பூசணம் பூக்கச் செய்யும். தென்னிந்திய ஊமைப்படங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்தே போயின. பேசும்படத் தொடக்க காலத்துத் தமிழ்ப் படங்களிலும் எத்தனையோ இன்று பெயரளவில் மட்டுமே உள்ளன.

ஆயினும் செட்டியாரின் உழைப்பை நாம் இன்று அறிகிறோம் அல்லவா? எப்படி அறிகிறோம்? அவர் எழுதி வைத்தமையால் அறிகிறோம். 1943 முதல், 1983இல் தாம் மறையும் வரையில், நாற்பது ஆண்டுகள் ‘குமரி மலர்’ என்னும் சிற்றிதழை அவர் நடத்தினார். பழைய ஏடுகளிலும் இதழ்களிலும் புதைந்து கிடந்த பிறருடைய எழுத்துகளைத் தேடியெடுத்து அதில் மறுபடி அச்சிட்டார். சுருளைத் தேடிய அதே கைகள் தாளைத் தேடின. தம்மைப் பற்றிப் பேசுவதில் மிகுந்த கூச்சம் உடையவர். அப்படியிருந்தும் காந்தி படம் உருவான கதையைக் கட்டுரைகளாக எழுதினார். யாரைக் கண்டார், எங்கே கேட்டார், எவர் உதவினார் என்பவற்றை ஆரவாரமின்றிச் சொன்னார். படம் மறைந்துபோக, அது உண்டான கதை நிலைத்தது. சுருள் போயிற்று, சொல் நின்றது.

அந்தப் பக்கங்களில் நம்மைச் சுட்டது ஒன்று உண்டு. தாம் சந்தித்தவர்களுக்கும் தமக்கு உதவியவர்களுக்கும் அவர் கடன் வைக்கவில்லை. பெயர் சொல்லி, செய்த உதவியைச் சொல்லி, நன்றியோடு பதிந்துவிட்டார். நாமோ, மூன்று விடியற்காலைகளைத் தந்த ஒருவருக்கு உண்மையைக்கூடத் தரவில்லை. நாடா அழிந்தது ஒரு விபத்து. நாம் ஊமையாய் இருந்தது விபத்தன்று. அவர் சொன்னவற்றை அன்றிரவே ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் அரைவாசியாவது மிஞ்சியிருக்கும். கேமரா இருக்கிறது என்னும் இறுமாப்பில் பேனாவை எடுக்கவே இல்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. கரையோரக் குப்பங்களில் கலங்களும் வலைகளும் அழிந்தன. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். முன்பே குறைந்துவந்த கட்டுமரம் அதன்பின் இன்னும் அருகிற்று. கட்டத் தெரிந்த கைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நாம் இழந்த முக்கால் மணி நேரத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போயிற்று.

நூலைப் படித்து முடித்தும் கரைக்குப் போகத் துணிவு வரவில்லை. நூலைத் திரும்பக் கொடுத்தோம், மீண்டும் எடுத்தோம். இப்படியே காலம் கடத்தி, சென்ற ஆண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் குப்பத்துக்குச் சென்றோம். முதியவரின் பேரன் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது கடந்தவர். எந்திரம் பொருத்திய படகில் தொழிலுக்குப் போகிறவர். பக்கத்தில் மணலில் அமர்ந்து, முப்பது ஆண்டுக்கு முந்தைய கதையை ஒன்றுவிடாமல் சொன்னோம். திருமண நாடா, சொன்ன பொய், மாற்றிக்கொண்ட மீன் சந்தை, எல்லாவற்றையும்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். பிறகு சொன்னார்: “தாத்தா கேட்டுக்கிட்டே இருந்தாரு சார். வீட்டுக்கு யாரு வந்தாலும், ‘வீடியோ தம்பியா?’ன்னு கேப்பாரு.”

நமக்குச் சொல்ல எதுவுமில்லை. மன்னிப்புக் கேட்டோம். அதை ஏற்பதாகவும் அவர் சொல்லவில்லை, மறுப்பதாகவும் சொல்லவில்லை. சிறிது நேரம் வலைக்கண்களை முடிந்துகொண்டிருந்தார். பிறகு, “அவரு என்னென்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?” என்றார்.

நினைவில் இருந்ததைச் சொல்லத் தொடங்கினோம். இரண்டாம் வாக்கியத்திலேயே நிறுத்தினார். “அது அப்படி இல்ல சார். கயிறு முதல்ல பின்பக்கம். அப்புறந்தான் முன்பக்கம். எனக்குக் கத்துக்கொடுத்தாரே!” என்றார். முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு. நாம் பையிலிருந்து நோட்டை எடுத்தோம்.

அன்று தொடங்கிய வேலை இன்றும் நடந்துவருகிறது. தொழில் இல்லாத ஞாயிறுகளில் செல்கிறோம். அவர் சொல்கிறார்; நாம் எழுதுகிறோம். தமக்குத் தெரியாததைப் பக்கத்துத் தெருப் பெரியவர்களிடம் கேட்டு வந்து சொல்கிறார். அவருடைய மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் கைபேசியில் எல்லாவற்றையும் படமாகவும் எடுத்து, உடனே மூன்று இடங்களில் பிரதியும் செய்துவிடுகிறாள். “ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும் சார்” என்று நமக்குப் பாடம் சொல்கிறாள். காந்தி படத்தின் பிரதிகளுக்கு அப்படி ஒரு பிள்ளை வாய்த்திருந்தால் எவ்வளவு நன்றாய் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனாலும் நோட்டை நாம் விடுவதில்லை.

ஏ. கே. செட்டியார் பல படங்கள் எடுத்துக் குவித்தவர் அல்லர். அவர் பெயரை நிலைநிறுத்தியது ஒரே படம். அதுவும் இன்று முழுமையாக நம்மிடம் இல்லை. எனினும் தயாரிப்பாளர் என்னும் சொல்லுக்கு அவர் வாழ்விலிருந்து நாம் கற்ற பொருள் எளியது. பிறர் கண்டதையும் வாழ்ந்ததையும் கேட்டு வாங்கி, சிதையாமல் சேர்த்து, உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பவரே தயாரிப்பாளர். வாங்குவதில் பணிவு வேண்டும். சேர்ப்பதில் பொறுமை வேண்டும். கொடுப்பதில் நாணயம் வேண்டும். முன்னிரண்டும் நமக்கு 1993இல் ஓரளவு இருந்தன. மூன்றாவது இல்லை.

வாசக அன்பர்களின் வீட்டிலும் ஒரு பரணில் பழைய நாடா ஒன்று இருக்கக்கூடும். தாத்தாவின் குரலோ பாட்டியின் நடையோ அதில் இருக்கலாம். அதை இந்த வாரமே இறக்கிப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, அந்தக் குரலுக்கு உரியவர் இன்னும் உங்களோடு இருந்தால், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

நம் நோட்டில் இதுவரை எழுபது பக்கங்கள் நிரம்பியுள்ளன. ஒவ்வொரு ஞாயிறும் புறப்படும் முன், அன்று எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுகிறோம். பேரனும் அவர் மனைவியும் மகளும், சில வேளைகளில் அக்கம்பக்கத்தாரும், திண்ணையில் அமர்ந்து கேட்கிறார்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்துகிறார்கள். சென்ற மாதம் முதல் பத்து நாட்களின் பக்கங்களை மொத்தமாகப் படித்து முடித்தபோது, பேரன் உள்ளே சென்று முதியவரின் சட்டமிட்ட படத்தை எடுத்து வந்து திண்ணையில் நம் எதிரே வைத்தார்.

“இன்னொரு தடவை முதல்லேர்ந்து படிங்க சார்” என்றார்.

படித்தோம்.